களைத்த மரணமும் கையளிக்காத குழந்தையும்

"நோன்பு மாதத்தில் ஒரு கலீபா தன் சகோதரியின் காதலனை உயிரோடு மண்ணில் புதைக்கச் சொல்கிறார். ஒரு பழைய ஜேர்மன் படத்தில் இப்படியொரு கதை வருகிறது. நீங்கள் இதற்குக் கட்டாயம் ஒரு கண்டனம் எழுத வேண்டும்" என்று சொல்லித்தான் இலக்கிய நண்பரொருவர் அந்த இறுவட்டை என் கையில் தந்தார். நானும் கண்டனம் எழுதும் எண்ணத்துடனேயே அதைப் பார்க்க உட்கார்ந்தேன். படம் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். எழுத நினைத்த கண்டனத்தில் ஒரு பகுதி இந்தக் கட்டுரையில் இருக்கிறது. மீதியை என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் பெயரைத் தமிழில் 'களைத்த மரணம்' எனலாம். நெறியாள்கை பிரிட்ஸ் லாங். கதையை எழுதியவர்கள் லாங்கும் தேயா ஃபொன் ஹார்பூவும். எரிக் பொமரின் தலைமையில் இயங்கிய டெக்லா-பயோஸ்கோப் நிறுவனத்தின் தயாரிப்பாக 1921 ஒக்டோபரில் பேர்லினில் திரையிடப்பட்டது. அப்போது லாங்குக்கு வயது 30. ஆறு பாகங்களைக் கொண்ட இப்படம் தன்னை 'ஆறு செய்யுள்களாலான ஒரு ஜேர்மன் நாட்டார் பாடல்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதலாம் உலக மகா யுத்தம் முடிந்து மூன்று வருடங்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ 20 இலட்சம் ஜேர்மன் வீரர்கள் அந்த யுத்தத்தில் மடிந்திருந்தார்கள். லாங் ஒஸ்திரிய இராணுவத்தில் போரிட்டுக் காயப்பட்டவர். கணவனையோ காதலனையோ மகனையோ பறிகொடுத்த பெண்கள் நிறைந்த ஒரு தேசத்தில்தான், காதலனைத் திருப்பிக் கேட்டு மரணத்தின் வாசலுக்கே போகும் ஒரு பெண்ணின் கதை திரைக்கு வந்தது. இதை மனதிற் கொள்ளாமல் இப்படத்தை நாம் வாசிக்க முடியாது.

கதை எளிமையானது. இரண்டு இளம் காதலர்கள் குதிரை வண்டியில் ஒரு சிற்றூருக்குப் பயணம் போகிறார்கள். வழியில் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் கறுப்பு மேலங்கியும் அணிந்த ஓர் அந்நியன் அதே வண்டியில் ஏறிக்கொள்கிறான். அவன்தான் மரணம். அவன் அந்த ஊரின் மையவாடியை அடுத்த நிலத்தைப் பொன் கொடுத்துப் பெற்று, அதைச் சுற்றி வாசலோ சன்னலோ இல்லாத மாபெரும் மதிலொன்றை எழுப்பியிருக்கிறான். அந்நியன் யார், நிலம் எதற்கு என்பதெல்லாம் பொன்னைக் கண்டதும் ஊர்ப் பெரியவர்களுக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. மேயர், பாதிரியார், வைத்தியர், நொத்தாரிசு ஆகியோருடன் ஆசிரியர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சத்திரத்தில் காதலி சற்று எழுந்து போய்த் திரும்பும் வேளைக்குள் காதலன் காணாமல் போய்விடுகிறான். அவனைத் தேடி அலையும் அவள், இரவில் அந்த மதிலின் அருகே இறந்தவர்களின் ஆவிகள் வரிசையாக வந்து மதிலுக்குள் மறைவதைக் காண்கிறாள். அந்த வரிசையில் அவளது காதலனும் போகிறான். மயங்கி விழுந்தவளை மூலிகை தேடி வந்த முதிய மருந்து வியாபாரி தன் வீட்டுக்குக் கூட்டிச் செல்கிறார். அங்கே திறந்து கிடந்த பைபிளில், காதலின் வலிமையை மரணத்தோடு ஒப்பிடும் வசனம் அவள் கண்ணில் படுகிறது. உடனே நஞ்சுக் கிண்ணத்தை எடுத்து உதட்டருகே கொண்டுபோகிறாள். அடுத்த கணம் மதிலுக்குள் நிற்கிறாள்.

உள்ளே உயரமும் தாழ்வுமாய் எண்ணற்ற மெழுகுவர்த்திகள் எரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மனித உயிர். இது கிறிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டார் கதைகளில், மரணத்தை ஞானத்தந்தையாகக் கொண்டவனைப் பற்றிய கதையில் வரும் குகைதான். லாங் அதைத் திரையில் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்குகிறார். மரணம் ஒரு சுடரைக் கையில் ஏந்துகிறது. சுடர் ஒரு பச்சைக் குழந்தையாகிறது. பின்னர் குழந்தையும் மறைகிறது. அதே நேரம் எங்கோ ஒரு தாய் அழுகிறாள். 1921இல் கமெராவுக்குள்ளேயே படச்சுருளை இருமுறை ஒளிபடச் செய்து உண்டாக்கிய தந்திரம் இது. இன்றைய கணினி வித்தைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இந்தக் காட்சி கூசச் செய்கிறது. ஏனெனில் மரணமாக நடிக்கும் பேர்ண்ஹார்ட் கொட்ஸ்கேயின் முகத்தில் கொடூரமே இல்லை. நெடுங்காலம் ஒரே வேலையைச் செய்து அலுத்துப்போன ஒருவரின் முகம் அது. மனிதர் படும் துயரைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டதாகவும், இந்தக் கடமையை வெறுப்பதாகவும், ஆனாலும் கட்டளைக்குப் பணிந்தே ஆக வேண்டுமெனவும் மரணம் அந்தப் பெண்ணிடம் சொல்கிறது.

கட்டளைக்குப் பணிதல் என்ற இந்த இடத்தில் ஒரு முஸ்லிம் வாசகனுக்கு மலக்குல் மௌத் நினைவுக்கு வராமல் போகாது. நமது நம்பிக்கையிலும் உயிரைக் கைப்பற்றும் மலக்குக்குச் சுய அதிகாரம் எதுவும் கிடையாது. ஆயினும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். படத்தில் மரணத்தோடு பேரம் பேசலாம். மரணமே அதற்கு இடமளிக்கிறது. நமக்கோ அஜல் என்பது முந்தவும் முடியாத, பிந்தவும் முடியாத தவணை. இது நாட்டார் கதையின் மரணமேயன்றி மார்க்கத்தின் மரணமல்ல என்ற தெளிவுடன் மேலே செல்வோம்.

அணையும் தறுவாயிலுள்ள மூன்று விளக்குகளை மரணம் அவளுக்குக் காட்டுகிறது. அவற்றுள் ஒன்றையேனும் அவள் காப்பாற்றினால் காதலன் அவளுக்குத் திரும்பக் கிடைப்பான். மூன்று விளக்குகளும் மூன்று தேசங்களில் நடக்கும் மூன்று கதைகள். காதலர்களாக அதே லில் டாகோவரும் வால்டர் யான்சனும், மரணமாக அதே கொட்ஸ்கேயும் வெவ்வேறு உடைகளில் தோன்றுகிறார்கள்.

முதல் விளக்கின் கதைதான் நண்பரின் கோபத்துக்குக் காரணம். இடம், 'விசுவாசிகளின் நகரம்'. காலம், றமழான். கலீபாவின் சகோதரி ஸுபைதா ஒரு பிராங்கியனை, அதாவது ஐரோப்பியக் கிறிஸ்தவனைக் காதலிக்கிறாள். அவளைப் பார்க்கும் ஆசையில் அவன் பள்ளிவாசலுக்குள் நுழைகிறான். தர்வேஷ் ஒருவன் அவனைக் காட்டிக்கொடுக்க, ஊரே அவனைத் துரத்துகிறது. இரவில் அரண்மனையில் பிடிபடுகிறான். கலீபாவின் தோட்டக்காரன் அவனை உயிரோடு புதைக்கிறான். தோட்டக்காரனின் பெயர் 'எல் மொத்'. அரபியின் 'அல் மௌத்'தான் இப்படித் திரிந்திருக்கிறது.

நண்பரின் கோபம் நியாயமானதே. நோன்பு மாதம் இங்கே வெறும் அலங்காரத் துணி. பகலெல்லாம் பசித்திருப்பவனின் பொறுமையோ, நோன்பு திறக்கும் வேளையின் அமைதியோ, தறாவீஹ் தொழுகையோ எதுவுமே இல்லை. இருப்பதெல்லாம் ஆவேசங் கொண்ட கூட்டமும், தூணோரம் பதுங்கும் காதலனும், சந்தேகப்படும் கலீபாவும்தான். 'ஸுபைதா' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வரலாற்றின் ஸுபைதா, கலீபா ஹாரூன் அர்-ரஷீதின் மனைவி. கூபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் பாதையிலே கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமைத்தவர். மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பேர்லின் கலையகத்தில் அந்தப் பெயருக்கு எஞ்சியது முகத்திரையும் காதலும் மட்டுமே. ஆயிரத்தொரு இரவுகளின் ஐரோப்பிய வாசிப்பிலிருந்து இறங்கி வந்த ஸுபைதா இவள். எட்வர்ட் சைத் 1978இல் 'கீழைத்தேயவாதம்' என்று எதை விளக்கினாரோ, அதற்கு இந்தப் பகுதி பாடப்புத்தக உதாரணமாகும். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஸுபைதாவாக நடித்த லில் டாகோவர் பிறந்தது ஜாவாத் தீவில். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மண்ணில் பிறந்த ஒருவரை வைத்துக்கொண்டே இந்தக் கற்பனைக் கிழக்கைக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கண் நம்மை மட்டும் பார்த்த கண் அல்ல. இரண்டாவது விளக்கு வெனிஸ் நகரத்துக் களியாட்ட காலத்தில் எரிகிறது. தன்னை வற்புறுத்தும் பிரபுவைக் கொல்ல ஃபியாமெத்தா என்ற பெண் சதி செய்கிறாள். கடிதங்கள் இடம் மாறுகின்றன. நஞ்சு தோய்ந்த ஆயுதம் காதலனின் உடலிலேயே பாய்கிறது. அவளது ஏவலுக்குக் கொலை செய்பவன் ஒரு 'மூர்'. போர்த்துக்கேயர் நமக்கு இட்டதும், இந்நாட்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பு ஆங்கிலத்தில் இன்றுவரை நமக்கு வைத்திருப்பதும் இதே பெயர்தான். ஐரோப்பியக் கற்பனையில் இந்தப் பெயருக்குக் கிடைத்த வேலை, கத்தியைத் தூக்கும் அடிமையின் வேலை. மூன்றாவது விளக்கு சீனாவில் எரிகிறது. பறக்கும் கம்பளம், பெட்டிக்குள்ளிருந்து புறப்படும் குட்டிப் படை, நீண்ட நகங்களுடன் பேரரசர் எனச் சீனர்கள் வெறும் கேலிப் பொருளாகிவிட்டார்கள். மூன்றிலும் மிகப் பலவீனமான பகுதி இதுவே.

இந்த வித்தைகள் அமெரிக்காவுக்கும் போயின. நடிகர் டக்ளஸ் பெயார்பாங்ஸ் இப்படத்தின் அமெரிக்க உரிமையை வாங்கி, வெளியிடாமல் தாமதப்படுத்தி, இதன் தந்திரக் காட்சிகளைத் தமது 'பக்தாத் திருடன்' (1924) படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹொலிவூட்டில் பின்னர் பெருகிய பறக்கும் கம்பளப் பக்தாதுகளின் வம்சாவளியில் இந்தப் படத்துக்கும் ஓர் இடமுண்டு. ஆக, கண்டனத்துக்கு வேண்டிய ஆதாரங்கள் எல்லாமே கைவசம் இருந்தன.

அப்படியிருந்தும் கண்டனத்தோடு என்னால் நிறுத்த முடியாமற் போனதற்கு முதற் காரணம் படத்தின் அமைப்பு. மூன்று விளக்குகளிலும் அந்தப் பெண் தோற்கிறாள். எப்படித் தோற்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் ஒளித்து வைத்துப் பார்க்கிறாள். இரண்டாவதில் இன்னொருவனைக் கொன்று தன்னவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். மூன்றாவதில் மந்திரக்கோலை எடுத்துத் தன்னைச் சிலையாகவும் அவனைப் புலியாகவும் மாற்றுகிறாள். புலியின் மீது அம்பு பாய்கையில் சிலையின் கண்ணிலிருந்து நீர் வடிகிறது. ஒளிப்பு, கொலை, மாயம் ஆகிய மூன்றும் பயனற்றுப் போகின்றன. மூன்று கதைகளிலும் மரணத்தின் கை, அதிகாரத்தில் உள்ளவரின் ஏவலாளின் கையாகவே இருக்கிறது. தோட்டக்காரன், மூர், வில்லாளி ஆகிய மூவருமே சொன்னதைச் செய்பவர்கள். நாட்டின் இளைஞர்களைக் கட்டளையிட்டுப் போர்முனைக்கு அனுப்பிய ஒரு காலத்தின் கசப்பு இந்த வேடங்களுக்குப் பின்னால் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. விளக்குகள் மூன்றும் அணைந்த பின் மரணம் இரங்கி இன்னொரு வாய்ப்புத் தருகிறது. நள்ளிரவு மணி அடிக்குமுன், தவணை முடியாத வேறோர் உயிரை அவள் கொண்டுவந்து கொடுத்தால், அதற்கு ஈடாகக் காதலனைப் பெற்றுக்கொள்ளலாம். கற்பனைத் தேசங்கள் முடிந்து படம் மீண்டும் அந்தச் சிற்றூருக்கு வருகிறது. அவள் முதிய மருந்து வியாபாரியிடம் போய்க் கேட்கிறாள். வாழ்ந்து முடித்த கிழவர்தானே என்ற எண்ணம். அவர் சீறி விழுகிறார். வீதியிற் கிடக்கும் பிச்சைக்காரனிடம் கேட்கிறாள். அவனும் மறுக்கிறான். எப்போது சாவு வரும் என்று முனகிக்கொண்டிருந்த முதியவர்களிடம் கேட்கிறாள். அவர்களோ ஒரு மூச்சைக்கூடத் தர மாட்டோமென்று அவளை விட்டு விலகி ஓடுகிறார்கள். சாவை விரும்புவதாகச் சொல்பவர் எவரும் சாவை விரும்புவதில்லை. சிரிப்பும் வேதனையும் கலந்து வரும் இடம் இது.

அந்த நேரத்தில் முதியவர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றுகிறது. எல்லோரும் வெளியேறிய பின், ஒரு தாய் தன் குழந்தை உள்ளே இருப்பதாகக் கதறுகிறாள். நமது பெண் நெருப்புக்குள் ஓடுகிறாள். குழந்தை கிடைக்கிறது. அங்கே மரணம் இரு கைகளையும் நீட்டியபடி அவள் முன்னால் நிற்கிறது. அவள் தேடியலைந்த ஈடு இப்போது அவள் கையிலேயே இருக்கிறது. கேட்பாரில்லை, பார்ப்பாரில்லை. நெருப்பில் வெந்தது என்றே உலகம் நம்பும். காதலன் உயிர்த்தெழுவான். அவள் குழந்தையைப் பார்க்கிறாள். பின்னர் சன்னலருகே போய் அதைக் கட்டிக் கீழே தாயிடம் இறக்கிவிடுகிறாள். அந்த விலைக்கு உன்னை வெல்ல எனக்கு மனமில்லை, என்னை எடுத்துக்கொள் என்கிறாள். மரணம் அவளைக் காதலனின் உடலருகே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இருவரும் பூக்கள் நிறைந்த ஒரு குன்றின் மேல் நடந்து போவதோடு படம் முடிகிறது.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்பது நமக்குச் சிறுவயது முதலே சொல்லித் தரப்பட்ட பாடம். அந்தப் பாடத்தை இவ்வளவு கடினமான இடத்தில் வைத்துச் சோதித்த இன்னொரு படைப்பை நான் பார்த்ததில்லை. காதலுக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கதைகள் உலக இலக்கியத்தில் ஏராளம். இங்கே அவள் கொடுப்பது அதையும் விடப் பெரியது. காதலனைத் திரும்பப் பெறும் வாய்ப்பையே கொடுத்துவிடுகிறாள். காரணம் ஒன்றுதான். தன்னைப் போல இன்னொரு பெண் அழக்கூடாது.

2004 டிசம்பர் 26க்குப் பிந்திய நாட்களில் எங்கள் கரையோர ஊர்களில் ஜனாஸாக்களை அடக்கியவர்களோடு இளைஞனாக நானும் நின்றேன். கபுறு வெட்டிய பெரியவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்ற அந்த நிலைதான், கொட்ஸ்கேயின் முகத்தைத் திரையில் கண்டபோது ஞாபகத்துக்கு வந்தது. மரணத்துக்கும் களைப்பு வருமா என்ற கேள்வி எனக்கு வேடிக்கையாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

படைத்தவர்களின் பிற்கால வாழ்வை இந்த இடத்தில் நோக்குவது பொருந்தும். லாங்கும் ஹார்பூவும் 1922இல் திருமணம் செய்துகொண்டார்கள். 'மெட்ரோபொலிஸ்' (1927), 'எம்' (1931) முதலிய படங்கள் இருவரும் சேர்ந்து படைத்தவையே. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். லாங்கின் 'டொக்டர் மபூஸேயின் மரண சாசனம்' ஜேர்மனியில் தடை செய்யப்பட்டது. அதே வருடம் இருவரும் விவாகரத்துப் பெற்றார்கள். யூதத் தாய்க்குப் பிறந்த லாங் பாரிஸுக்குச் சென்று, பின்னர் அமெரிக்கா சேர்ந்தார். கோயபெல்ஸ் தமக்குப் பெரும் பதவி தர முன்வந்ததாகவும், அன்றிரவே தாம் தப்பியோடியதாகவும் பின்னாளில் அவர் சொல்லி வந்தார். அவரது கடவுச்சீட்டின் முத்திரைகள் அந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. ஹார்பூ நாட்டிலேயே தங்கினார். நாஸிக் கட்சியில் சேர்ந்தார். அந்த ஆட்சியின் கீழ் வருடக் கணக்காகத் திரைக்கதை எழுதினார். யுத்தம் முடிந்ததும் பிரித்தானியரின் தடுப்பு முகாமில் சில காலம் இருந்தார். இதே ஹார்பூ, ஆயி டெண்டுல்கர் என்ற இந்தியப் பத்திரிகையாளரை இரகசியமாக மணந்தவர் என்பது இந்த வாழ்க்கையின் இன்னொரு முரண்.

மரணத்தின் நீட்டிய கைகளில் ஒரு குழந்தையைக் கொடுக்க மறுக்கும் பெண்ணைப் படைத்த பேனா, பல இலட்சம் குழந்தைகளைச் சாவுக்குக் கையளித்த ஓர் ஆட்சியின் கீழ் எப்படி ஓடிக்கொண்டிருந்தது? இதற்கு என்னிடம் பதில் இல்லை. படைப்பு அறிந்ததைப் படைப்பாளி அறியாமற் போகலாம் என்று மட்டும் சொல்லலாம். 1954இல் பேர்லினில் இந்தப் படம் மீண்டும் திரையிடப்பட்டபோது ஹார்பூ கௌரவ விருந்தினராகச் சென்றார். படம் முடிந்து வெளியே வருகையில் விழுந்து இடுப்பில் காயப்பட்டு, சில தினங்களில் காலமானார். லாங்கோ பின்னர் ஜேர்மனிக்குத் திரும்பி வந்து ஹார்பூவின் பழைய நாவலொன்றை வைத்தே, 1959இல் வெளியான 'எஷ்ணாபூர் புலி', 'இந்தியக் கல்லறை' என இரு படங்களை எடுத்தார். மகாராஜா, நடனக்காரி, புலி என்று அந்தக் கற்பனைக் கிழக்கு 38 வருடங்களின் பின்னும் மாறவேயில்லை.

'களைத்த மரணம்' தன்னிடம் சினிமா ஆசையை ஏற்படுத்தியதாக ஸ்பானிய நெறியாளர் லூயிஸ் புனுவெல் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஹிச்கொக்கும் தம்மைப் பாதித்த படமாக இதைச் சொல்லியிருக்கிறார். 2016இல் பேர்லின் திரைப்பட விழாவில், பழைய வண்ணச் சாயல்கள் மீட்கப்பட்ட புதிய பிரதி காட்டப்பட்டது. அவர்களெல்லாம் புகழ்கிறார்கள் என்பதற்காக முதலாம் விளக்கை நாம் மன்னித்துவிட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் நாம் அவமதிக்கப்பட்டிருக்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அதோடு எழுந்து போய்விடும் விமர்சகன், கடைசிக் காட்சியை இழந்துவிடுகிறான்.

இன்னொன்றையும் நமக்கு நாமே கேட்டுக்கொள்வது நல்லது. நமது கதைகளில் வரும் மற்றைய சமூகத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? பக்கத்து ஊர்த் தமிழரையும் சிங்களவரையும் எத்தனை கதைகளில் முழு மனிதராக உலவவிட்டிருக்கிறோம்? எத்தனை கதைகளில் கத்தி தூக்கும் கையாக மட்டும் நிறுத்தியிருக்கிறோம்? லாங்கிடம் நாம் கேட்கும் கேள்வியை நம்மிடம் கேட்காமல் விடுவது நேர்மையாகாது. அவரவர் நியாயங்களுக்குள் நின்று எழுதும்போது, எதிர்ப்பக்கத்துத் தாயின் கையில் ஒரு குழந்தை இருப்பது நமக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

இறுவட்டைத் திருப்பிக் கொடுக்கையில் நண்பரிடம், "கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அந்த நோன்புக் கதை முடிந்ததும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். திரும்பவும் அதை அவரிடமே கொடுத்து, மீதியையும் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.